மூடப்படாமலே நின்றுபோன ஆலை: பரந்தனும் வன்னியின் கைத்தொழிலும்

இலங்கை நகரங்களில் குழாய்த் தண்ணீரைக் குவளையில் பிடித்தால் சில நாள்களில் இலேசாக மருந்து மணம் அடிக்கும். கிருமி கொல்வதற்காக நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கலக்கும் குளோரினின் மணம் அது. சபைக்கு நெடுங்காலமாகக் குளோரின் வழங்கிவரும் அரச நிறுவனத்தின் பெயர் பரந்தன் கெமிக்கல்ஸ். அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. குளோரின் வெளிநாட்டிலிருந்து உருளைகளில் அடைபட்டுக் கப்பலில் வருகிறது. பரந்தனில் 1985க்குப் பிறகு குளோரின் உற்பத்தியாகவில்லை.

பெயருக்கு உரிய ஊர் கிளிநொச்சி நகருக்குச் சற்று வடக்கே, ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்குப் பாதை பிரியும் சந்தியில் இருக்கிறது. போர் முடிந்து யாழ்ப்பாணத்துக்குப் பயணப்பட்டவர்கள் பேருந்து யன்னல் வழியே இங்கே பார்த்தவை கூரையில்லாக் கட்டடங்களும், சன்னம் துளைத்த சுவர்களும், துருவேறிய இரும்பும். வன்னிப் பெருநிலத்தில் கனரகத் தொழில் என்று சொல்லத்தக்க ஒரே பெரிய முயற்சியின் மிச்சம் அதுதான்.

தொழில் வீழ்ச்சி என்றதும் உலகம் நினைப்பது பிரித்தானிய யோர்க்‌ஷயரின் நிலக்கரிச் சுரங்கங்களையும் ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கையும்தான். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கமே கிடையாது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் எரிப்பதெல்லாம் இறக்குமதி நிலக்கரி. எனினும் ஒரு பிரதேசம் தன் தொழிலை இழப்பது என்றால் என்ன என்ற கேள்வி பரந்தனுக்கும் பொருந்தும். அங்கே சுரங்கங்களை மூடினார்கள். இங்கே ஆலை நின்றது. மூடுவதற்கு ஒருவர் முடிவெடுக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், கணக்குத் தீர்க்க வேண்டும். நின்றுபோவதற்கு இவை எதுவும் தேவையில்லை. பரந்தனின் பின்கதை முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்து கிளைத்தது.

உப்பு, தண்டவாளம், தண்ணீர்

ஆலைக்கு இடம் பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பரந்தனைக் காட்டவில்லை. வடக்கே சில மைல்களில் ஆனையிறவு. கடல்நீரேரியின் ஆழமற்ற நீரைப் பாத்திகளில் தேக்கி, சோளகம் வீசும் வரண்ட மாதங்களில் உப்பு விளைவிக்கும் பெரிய உப்பளம் அங்கே இருந்தது. மாரி இறங்குமுன் அள்ளிக் குவித்துவிட வேண்டும். தெற்கே, கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம். குறுக்கே கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் புகையிரதப் பாதை. மூலப்பொருள், நன்னீர், போக்குவரத்து மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்த இடங்கள் இலங்கையில் அதிகம் இல்லை.

இந்த ஆலையின் வேலையை ஒரு வரியில் சொல்லலாம்: உப்பைப் பிரிப்பது. உப்பை நீரில் கரைத்து, அதிலுள்ள கல்சியம், மக்னீசிய அழுக்குகளை வீழ்படிவாக்கி வடித்து, தெளிந்த கரைசலூடே நேரோட்ட மின்சாரத்தைச் செலுத்த வேண்டும். ஒரு முனையில் பச்சை கலந்த மஞ்சளாகக் குளோரின் வாயு எழும். மறுமுனையில் ஐதரசன் வரும். மிஞ்சும் கரைசல் எரிசோடா. ஒரு தொன் எரிசோடா எடுக்க ஏறத்தாழ ஒன்றரைத் தொன் உப்பும் 2500 அலகு அளவான மின்சாரமும் வேண்டும். பழைய கலங்களானால் 3000 அலகையும் தாண்டும். கூடவே ஏறத்தாழ 0.9 தொன் குளோரின் கிடைக்கும். மின்சாரம் இங்கே ஆலையை ஓட்டுவதோடு நிற்பதில்லை. உப்பைப் போலவே அதுவும் ஒரு மூலப்பொருள்.

இரட்டைப் பிள்ளைகள்போல எரிசோடாவும் குளோரினும் ஒன்றாகவே பிறக்கும். ஒன்றை மட்டும் பெற முடியாது. எரிசோடாவைப் பீப்பாயில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கலாம். குளோரினை அப்படி வைத்திருப்பது ஆபத்து. குளோரினுக்கு வாடிக்கையாளர் இல்லையென்றால் எரிசோடாவையும் நிறுத்த வேண்டியதுதான். ஆகவே இத்தகைய ஆலைகள் மிஞ்சிய குளோரினை ஐதரசனோடு எரித்து ஐதரோகுளோரிக் அமிலமாக்கி விற்கும். பரந்தன் சந்தைக்கு அனுப்பியவற்றில் எரிசோடாவும் குளோரினும் ஐதரோகுளோரிக் அமிலமும் இருந்தன. முதலாவது சவர்க்காரத்துக்கும் துணிக்கும் கடதாசிக்கும், இரண்டாவது குடிநீருக்கும் வெளுப்புக்கும். ஒரு நாட்டின் அன்றாட வாழ்க்கையில் பெயர் தெரியாமல் கலந்திருக்கும் பொருள்கள்.

ஓர் அமைச்சரின் கணக்கு

ஆலையின் பிறப்பில் அரசியல் இருந்தது. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948இல் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சராகச் சேர்ந்து 1953 வரை இருந்தார். காங்கேசன்துறை சீமெந்து ஆலை, வாழைச்சேனை காகித ஆலை, பரந்தன் இரசாயன ஆலை மூன்றும் அவர் பெயரோடு சேர்த்தே இன்றும் பேசப்படுகின்றன. மூன்றும் தமிழர் வாழும் நிலத்தில், மூன்றும் அந்தந்த நிலத்தின் வளத்தை நம்பியவை. குடாநாட்டில் சுண்ணாம்புக்கல், கிழக்கில் வைக்கோல், வன்னி வாசலில் உப்பு. வைக்கோலிலிருந்து கூழெடுக்க எரிசோடா வேண்டும், கூழை வெளுக்கக் குளோரின் வேண்டும். தனித்தனி ஆலைகளாகத் தோன்றினாலும் ஒன்றின் விளைபொருள் மற்றதன் மூலப்பொருளாகும்படி பின்னிய சங்கிலி அது.

அந்த அமைச்சுப் பதவிக்குக் கொடுத்த விலையும் வரலாற்றில் இருக்கிறது. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அரசோடு அவர் சேர்ந்து நின்றதை ஏற்காமல் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் தோழர்களும் பிரிந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். ஒத்துழைத்தால் தொழிற்சாலை வரும் என்பது ஒரு தரப்பின் வாதம். உரிமை இல்லாத இடத்தில் தொழிற்சாலை நிலைக்காது என்பது மறுதரப்பின் வாதம். எழுபத்தைந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் இரண்டும் பாதிப்பாதி உண்மை. தொழிற்சாலை வந்தது. நிலைக்கவில்லை.

1950களின் நடுப்பகுதியிலிருந்து இயங்கத் தொடங்கிய ஆலை பின்னர் அரச கூட்டுத்தாபனமாயிற்று. பரந்தன் அதுவரை நெல் ஊர். இரணைமடுத் தண்ணீரில் குடியேற்றத் திட்டங்களால் வளர்ந்த ஊர். அங்கே மாதச் சம்பளமும் சேமலாப நிதியும் உள்ள வேலை என்பது புதிய செய்தி. கமக்காரர் வீட்டுப் பிள்ளை மாரி பொய்த்தாலும் சம்பளம் தரும் ஒரு கதவைக் கண்டது அப்போதுதான்.

1985: இரண்டு முடிவுகள்

1984 மார்ச்சில் தொடங்கிய பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் தோல்வியில் முடிந்தது. அடுத்த மாதமே பிரதமர் மார்கரெட் தட்சர் இலங்கைக்கு வந்து, பிரித்தானிய உதவியில் கட்டிய விக்டோரியா அணையைத் திறந்துவைத்தார். மகாவலியிலிருந்து புதிய மின்சாரம். அதே ஆண்டில், மின்சாரத்தைத் தின்று வாழும் பரந்தன் ஆலையின் உற்பத்தி போரினால் நின்றது. 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிளிநொச்சி, ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோதே தன் பெரிய தொழிலை இழந்தது.

யோர்க்‌ஷயரில் நடந்தது கொடுமைதான். ஆனாலும் அங்கே எதிர்க்க ஓர் அரசும், அந்த அரசுக்கு ஒரு வாதமும் இருந்தன. சுரங்கம் இலாபம் தரவில்லை என்றார்கள்; தொழிலாளர் மறுத்தார்கள்; தெருவில் மோதினார்கள்; தோற்றார்கள். வேலை போனவர்களுக்கு இழப்பீட்டுத் தொகை கிடைத்தது. கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசெம்பரில் மூடும்வரை முப்பது ஆண்டுகள் அந்த வாதம் ஓயவில்லை. ஜெர்மனி இன்னும் நிதானமாக நடந்தது. நிலக்கரி மானியத்தை 2018இல் நிறுத்துவது என்று 2007இலேயே முடிவுசெய்து, பதினோர் ஆண்டு அவகாசத்தில் ஆட்களை ஓய்வுக்கும் வேறு வேலைக்கும் நகர்த்திவிட்டு, 2018 டிசெம்பரில் புரொஸ்பர்-ஹனியல் சுரங்கத்திலிருந்து கடைசிக் கரித்துண்டை மேலே கொண்டுவந்தார்கள்.

பரந்தனில் யாரும் இலாப நட்டம் பேசவில்லை. எரிசோடாவின் உலக விலை என்ன, இயந்திரம் எத்தனை ஆண்டு பழசு என்ற கேள்விகளுக்கு அங்கே வேலையே வரவில்லை. பாதை பாதுகாப்பில்லை, மூலப்பொருள் வராது, சரக்குப் போகாது. தற்காலிகமாகத் தொடங்கியது நிரந்தரமாயிற்று. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது காங்கேசன்துறை சீமெந்து ஆலையும் ஆனையிறவு உப்பளமும் அதே வழியில் போயின. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானின் ஓட்டுத் தொழிற்சாலையும் போருக்குள் அமிழ்ந்தது. வடக்கின் தொழில் வரைபடம் ஐந்தாறு ஆண்டுகளில் வெறுமையாயிற்று.

பனம்பழத்தில் துவைத்த காலம்

அடுத்த இருபது ஆண்டுகளில் பரந்தன் ஒரு போர்முனைப் பெயராயிற்று. 1991இல் ஆனையிறவுப் பெருஞ்சமர். 1996இல் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தது, 1998இல் இழந்தது. 1999 இறுதியில் பரந்தன் கைமாறி, 2000 ஏப்ரலில் ஆனையிறவுத் தளம் வீழ்ந்தது. 2009 ஜனவரி முதல் வாரங்களில் எல்லாம் மீண்டும் இராணுவத்தின் கையில். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆலை வளவின் மேல் எறிகணை விழுந்திருக்கிறது. ஆனாலும் ஓர் ஆலையைக் கொல்வதற்கு எறிகணையைவிட நம்பகமான வழி, அதைச் சுற்றியிருக்கும் சங்கிலியின் கண்ணிகளைக் கழற்றுவது. வன்னியில் அது கண்ணெதிரே நடந்தது.

முதலில் தண்டவாளம். 1990க்குப் பின் வடக்குப் புகையிரதப் பாதையின் இரும்பும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளின் கூரையாயின. வீட்டு வளவில் குழி வெட்டி, மேலே தண்டவாளத் துண்டோ பனங்குற்றியோ அடுக்கி, மண்மூட்டை போட்டு, குடும்பத்தோடு உள்ளே இறங்கிய தலைமுறை அது. ஆனையிறவு உப்பைப் பரந்தனுக்கும், பரந்தனின் பீப்பாய்களைத் தெற்குக்கும் சுமக்க வேண்டிய இரும்பு, மண்ணுக்குக் கீழே பிள்ளைகளின் தலைக்கு மேலே கிடந்தது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்த இரும்புக்கு அந்நாளில் அதைவிடப் பெரிய வேலை இருந்திருக்கவும் முடியாது.

பிறகு பொருளாதாரத் தடை. சீமெந்து, இரும்பு, எரிபொருள், பற்றரி, யூரியா என்று நீண்ட தடைப்பட்டியலில் சில காலம் சவர்க்காரமும் இருந்தது. அந்நாள்களில் வடக்கில் உடுப்புத் தோய்த்தவர்களுக்குப் பனம்பழம் நினைவிருக்கும். பழத்தைப் பிசைந்து களியெடுத்து, துணியில் தேய்த்து, கல்லில் அடித்து அலசுவார்கள். அழுக்குப் போகும், துணியில் ஒரு மஞ்சள் வாடை தங்கும். மாடுகள் கொடியில் காயும் சட்டையை வந்து மெல்லும். சவர்க்காரத்தின் அடிப்படை மூலப்பொருள் எரிசோடா. நாட்டுக்கே எரிசோடா செய்த மண்ணில் பனங்களியில் துவைத்தார்கள் என்பதைவிடத் தொழில் வீழ்ச்சிக்குத் துல்லியமான அளவுகோல் வேறு என்ன?

குளோரினுக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1990 ஜூனில் கிழக்கே கிரானில் இராணுவ முகாமொன்றின் மீது விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினார்கள். அருகிலிருந்த காகித ஆலையின் உருளைகள் அதற்கு எடுக்கப்பட்டதாகப் பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. குடிநீரைத் தூய்மையாக்கும் பொருளே மூச்சையும் அடைக்கும். அதன்பின் குளோரின் செய்யும் ஆலையொன்றை வன்னியில் இயங்கவிட எந்த அரசும் துணிந்திருக்காது.

போர் வராமல் இருந்திருந்தால்?

இழந்ததைப் பற்றி எழுதும்போது அதைப் பொன்னாக்கிவிடும் ஆசை வரும். பரந்தன் ஆலை போரில்லாமலும் தள்ளாடியிருக்கக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அரச கூட்டுத்தாபனங்கள் இறக்குமதியோடு மோத வேண்டியதாயிற்று. தெற்கில் சோவியத் உதவியோடு 1967இல் தொடங்கிய ஒறுவல உருக்கு ஆலை, போர் தொடாத இடத்தில் இருந்தும் அரசின் கையில் தங்கவில்லை. 1996இல் கொரிய நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டு, பின் கைமாறி, உருமாறி இன்றும் நடக்கிறது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்த்தால் இன்னும் நெருங்கிய உறவுகள் தெரியும். மேட்டூர் அணையின் அடியில் 1930களில் தொடங்கிய மேட்டூர் கெமிக்கல்ஸ், பரந்தனைப் போலவே உப்பையும் மின்சாரத்தையும் நம்பியது. தூத்துக்குடி உப்பளங்களை நம்பிக் காயல்பட்டினத்துக்கு அருகே சாகுபுரத்தில் 1950களின் இறுதியில் எழுந்தது தாரங்கதாரா கெமிக்கல் வொர்க்ஸ். பரந்தனின் சமவயதுக்காரன். இரண்டும் மாறியும் விரிந்தும் இன்றுவரை ஓடுகின்றன. இந்திய எரிசோடாத் தொழில் பழைய பாதரசக் கலங்களைக் கைவிட்டுச் சவ்வுக்கல முறைக்கு மாறியபோது, மின்செலவும் குறைந்தது, நஞ்சும் குறைந்தது. கூடவே ஆலைக் கழிவு பற்றிய ஊர்மக்களின் முறைப்பாடும் போராட்டமும் சாகுபுரத்தில் நீண்ட கதை.

பரந்தனுக்கும் இவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்திருக்கும். விற்கப்பட்டிருக்கலாம், நவீனமாகியிருக்கலாம், மாசு பற்றி ஊர் எழுந்திருக்கலாம், நட்டத்தில் மூடியிருக்கலாம். எதுவானாலும் அது அந்த ஊரின் சண்டையாக இருந்திருக்கும். வன்னி இழந்தது ஓர் ஆலையை மட்டுமா? தன் ஆலையோடு மல்லுக்கட்டும் வாய்ப்பையும் அல்லவா!

ஊசியும் டிப்பரும்

போருக்குப் பின் புகையிரதம் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியையும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் அடைந்தது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம்வரை 132 கிலோவோல்ற் மின்வழி வந்தது. சங்கிலியின் இரண்டு கண்ணிகள் திரும்பி வந்தும் ஆலை திரும்பவில்லை. வந்தது தையல். கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் வானவில், விடியல்; வவுனியாவில் இத்தாலிய முதலீட்டில் ஒமேகா லைன். காலை இருட்டில் கிராமம் கிராமமாகப் பேருந்து போய்ப் பெண்களை ஏற்றிவருகிறது. வீட்டுத் தலைமையைப் போர் தங்கள் தலையில் வைத்த பெண்களுக்கு அந்தச் சம்பளம் சோறு. ஆனால் துணியும் வெளியே இருந்து வருகிறது, தைத்த உடுப்பும் வெளியே போகிறது. இந்த மண்ணின் வளத்தோடு அதற்குத் தொடர்பில்லை. கட்டளை குறைந்தால் இயந்திரத்தைக் கழற்றி வேறிடம் கொண்டுபோகலாம்.

மண்ணோடு தொடர்புள்ள தொழிலும் ஒன்று வளர்ந்தது: மண்ணையே அள்ளுவது. ஆற்று மணலும் கிரவலும் டிப்பர் டிப்பராக ஏ-9 வீதியில் போவதை வன்னியில் யாரும் காணாமலிருக்க முடியாது. அனுமதியோடும் அனுமதியின்றியும் நடக்கும் இந்த அகழ்வுதான் இன்றைய வன்னியின் சுரங்கத் தொழில். யோர்க்‌ஷயரின் சுரங்கங்கள் கரியை எடுத்த இடத்தில் ஊர்களையும் சங்கங்களையும் விட்டுச்சென்றன. இங்கே மணல் போன இடத்தில் இடிந்த ஆற்றங்கரைதான் மிஞ்சுகிறது.

இதற்கிடையில், சுற்றிலும் கடலுள்ள நாடு 2025 தொடக்கத்தில் உப்பை இறக்குமதி செய்தது. மழை பாத்திகளைக் கெடுத்துவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலையைக் கைத்தொழில் அமைச்சர் சுனில் ஹந்துன்நெத்தி திறந்துவைத்தார். பொதியில் ‘ரஜ லுணு’ என்ற சிங்களப் பெயர் இருந்ததும், ஆனையிறவு என்ற பெயரே வேண்டும் என்று வடக்கில் குரல் எழுந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சின்ன விடயம். கொழும்பு அலுவலகத்தில் பெயர் மட்டும் வாழும் பரந்தனை அறிந்தவர்களுக்கு அப்படியல்ல. ஒரு பக்கம் ஊரில்லாமல் பெயர், மறுபக்கம் பெயரில்லாமல் ஊர்.

பரந்தனிலும் மாங்குளத்திலும் காங்கேசன்துறையிலும் தொழிற்பேட்டைகள் அமையும் என்று 2025இல் அரசு அறிவித்தது. அறிவிப்புக்கு எதிர்வாதம் இல்லை. ஆனால் நின்றுபோன ஆலைக்கு இன்றுவரை ஒரு கணக்கு முடிக்கப்படவில்லை. உலகெங்கும் பழைய எரிசோடா ஆலைகளின் அடிமண்ணில் நஞ்சு தங்கியிருக்கக் கண்டிருக்கிறார்கள். பரந்தன் வளவின் மண்ணையும் அயல் கிணறுகளையும் சோதித்து முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும். 2500 அலகு மின்சாரத்தின் இன்றைய விலைக்கு இறக்குமதிக் குளோரினோடும் எரிசோடாவோடும் போட்டியிட முடியுமா என்று மக்கள் முன் கணக்குப் போட வேண்டும். இயலாது என்று விடை வந்தால் அதையும் துணிந்து சொல்லலாம்; வன்னிக்கு வேறு தொழில் தேடலாம். 1985இல் இருபத்தைந்து வயதில் அந்தக் கலங்களின் அருகே நின்றவருக்கு இப்போது அறுபத்தைந்து கடந்துவிட்டது. உப்புக் கரைசலின் தெளிவைக் கண்ணால் மதிக்கத் தெரிந்த அவர்களின் பெயரும் அனுபவமும் வேலைக்காலமும், அவர்களுக்கு வரவேண்டியது ஏதும் நிலுவையிலிருந்தால் அதுவும், ஏட்டில் ஏற வேண்டும்.

யோர்க்‌ஷயரும் ரூரும் வலியோடு செய்து முடித்த வேலை இது. நாற்பது ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கும் ஆலையை முதலில் முறையாக மூடிவிட்டு, அதன் பிறகு திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கட்டும்.